மைல் கணக்கு சொன்ன ஊர்கள்: வாட்லிங் தெருப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, லண்டன்

எட்ஜ்வேர் ரோட்டில் நின்று வடமேற்கே பார்த்தால் தெரு வளையாமல் ஓடுகிறது. லெபனான் உணவகங்கள், ஹூக்கா புகை, வரிசையாக நிற்கும் சிவப்புப் பேருந்துகள். கி.பி. 43இல் ரோமானியப் படை பிரிட்டனுக்குள் நுழைந்து, அடுத்த சில ஆண்டுகளில் போட்ட பாதை இது. கென்ட் கரையிலுள்ள ரிச்பரோவில் தொடங்கி கான்டர்பரி, ரோச்செஸ்டர், லண்டன் வழியாக வேல்ஸ் எல்லையருகே உள்ள ராக்ஸ்டர் வரை போகிறது. ரோமானியர் இதை என்ன சொல்லி அழைத்தார்களோ, பின்னால் வந்த சாக்சன் மக்கள் வைத்த வாட்லிங் தெரு என்ற பெயர்தான் நிலைத்தது. இன்று லண்டனுக்குத் தென்கிழக்கே பெரும்பாலும் ஏ2 நெடுஞ்சாலை, வடமேற்கே ஏ5.

நான் தேடிப் போவது சாலையை அல்ல, அதன் ஓரத்தில் இருந்து காணாமல் போன சிற்றூர்களை. அரசுத் தூதர்கள் குதிரை மாற்றவும், வண்டிக்காரர்கள் இரவு தங்கவும், கொல்லன் ஆணி அடிக்கவும், பக்கத்துக் கிராமத்தார் தானியம் விற்கவும் அங்கங்கே முளைத்த ஊர்கள். பெரும்பாலும் கோட்டை கொத்தளம் கிடையாது. சாலையைப் பார்த்த குறுகிய முகப்பும் பின்பக்கம் நீண்டுபோகும் உடலுமாக மரவீடுகள் இருபுறமும் நெருக்கியடித்து நிற்கும். 5ஆம் நூற்றாண்டில் ரோமானிய ஆட்சி விலகியதும் பிழைப்புக்கு வழி இல்லாமல் பல ஊர்கள் கலைந்தன. மரம் மட்கியது, கல்லை அடுத்த தலைமுறை பெயர்த்துக்கொண்டு போனது, மேலே ஏர் ஓடியது.

இவற்றைக் கண்டுபிடிக்க உதவும் முதல் ஆவணம் அன்டோனைன் பயணப் பட்டியல். ரோமானியப் பேரரசின் சாலைகளில் எந்த ஊருக்கு அடுத்து எந்த ஊர், இடையே எத்தனை மைல் என்று மட்டும் சொல்லும் வறண்ட பட்டியல். பிரிட்டனுக்கு 15 வழிகள். ரோமானிய மைல் என்பது நடையில் ஆயிரம் இரட்டை எட்டு, ஏறத்தாழ 1.48 கி.மீ. தெரிந்த ஊரிலிருந்து அத்தனை மைல் அளந்தால் தெரியாத ஊர் நிற்க வேண்டும். சொல்வதற்கு எளிது. கையால் படியெடுத்துப் படியெடுத்து வந்த பட்டியலில் ரோமன் எண்ணில் ஒரு கோடு விட்டுப்போனால் ஊர் ஒரு மைல் நகர்ந்துவிடும். லண்டனிலிருந்து ரோச்செஸ்டருக்கு ஒரு வழியில் 27 மைல், இன்னொரு வழியில் இடையூர்களைக் கூட்டினால் 37. ஒரே பட்டியலுக்குள்ளேயே இப்படி.

லண்டனுக்கு வடக்கே பட்டியலில் வரும் பெரிய நகரம் வெருலேமியம், இன்றைய செயின்ட் ஆல்பன்ஸ் அருகில். 1930களின் தொடக்கத்தில் அங்கே அகழ்ந்தவர்கள் மார்ட்டிமர் வீலரும் அவர் மனைவி டெஸ்ஸாவும். அதே வீலர்தான் 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் குழி போட்டு, இத்தாலியிலிருந்து வந்த அரெட்டைன் சிவப்புப் பாண்டத்தை வைத்து அந்தத் துறைமுகத்துக்குக் காலம் கணித்தவர். பழைய கிரேக்க நூல்கள் சொல்லும் பொதுகே என்ற துறைமுகம் அரிக்கமேடுதான் என்று பலரும் ஏற்கிறார்கள். அங்கேயும் ஏட்டில் ஒரு பெயர், மண்ணில் ஒரு மேடு, இரண்டையும் சேர்த்து வைக்கும் வேலை.

சனி, ஸ்பிரிங்ஹெட்

லண்டன் செயின்ட் பாங்கிராஸ் நிலையத்தில் அதிவேக ரயில் ஏறினால் இருபது நிமிடத்துக்குள் எப்ஸ்ஃபிளீட். 2007இல் திறந்த ரயில் நிலையம், சுற்றிலும் கார் நிறுத்துமிடங்கள், சுண்ணாம்புப் பாறையை வெட்டியெடுத்த பள்ளங்கள், புதுக் குடியிருப்புகள். நிலையத்திலிருந்து தெற்கே நடக்கும் தூரத்தில் ஸ்பிரிங்ஹெட். பட்டியலில் வரும் வாக்னியாக்கிஸ் இதுதான்.

எப்படித் தெரியும்? ரோச்செஸ்டருக்கும் வாக்னியாக்கிஸுக்கும் 9 மைல் என்கிறது பட்டியல். ரோச்செஸ்டரிலிருந்து ஸ்பிரிங்ஹெட் ஏறத்தாழ 13 கி.மீ., 1.48ஆல் வகுத்தால் 9ஐ ஒட்டி வருகிறது. கணக்கு மட்டும் போதாது என்பதால்தான் மண்ணைக் கேட்டார்கள். மண் அள்ளிக் கொடுத்தது.

இங்கே எட்டு ஊற்றுகள் இருந்தன. எப்ஸ்ஃபிளீட் ஆறு பிறந்த இடம். ரோமானியர் வருவதற்கு முன்பே, இரும்புக் காலத்திலேயே மக்கள் இந்த ஊற்றுகளைக் கும்பிட்டிருக்கிறார்கள். ஊற்றை நோக்கி ஊர்வலம் போக ஒரு பாதையும் இருந்திருக்கிறது. பிறகு நீண்ட சாலை வந்தது. ஊற்றும் சாலையும் சந்தித்த இடத்தில் கோயில் மேல் கோயிலாக எழுந்தது. 1950களிலும் 60களிலும் டபிள்யூ. எஸ். பென் என்பவர் உள்ளூர் ஆர்வலர்களோடு இங்கே அகழ்ந்தார். கோயில் வளாகத்தையும் ரொட்டி சுடும் கூடம் ஒன்றையும் வெளிக்கொண்டு வந்தார். ஒரு கோயிலின் மூலைகளில் நான்கு பச்சைக் குழந்தைகளின் எலும்புகள் கிடைத்தன. அவற்றில் இரண்டுக்குத் தலை இல்லை. கட்டடத்துக்குக் கொடுத்த பலி என்று கருதுகிறார்கள். அறிக்கையில் அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு இங்கே வந்து நின்றால் கோயில் என்ற சொல் இலேசாக வருவதில்லை.

அடுத்த பெரிய அகழாய்வு 2000 முதல் 2003 வரை நடந்தது. நான் வந்த இந்த ரயில் பாதையைப் போடுவதற்கு முன்னால், நிலம் தோண்டப்படும் என்பதால் செய்த ஆய்வு. ஊற்றுக் கண்களைச் சுற்றி வழிபாட்டு வளாகம், காணிக்கை போட்ட குழிகள், கொல்லுப் பட்டறை, வீடுகள், வாட்லிங் தெருவின் சரளைத் தளம் என்று ஒரு முழு ஊரே வெளிப்பட்டது. வழிப்போக்கர்கள் வணங்கி, உண்டு, வண்டியைச் சரிபார்த்துக்கொண்டு போன ஊர். சற்று வடக்கே அதே பள்ளத்தாக்கில், கடல் ஓதத்தின் ஏற்ற இறக்கத்தால் ஓடிய நீர் ஆலை ஒன்றும் கிடைத்தது. அது ரோமானியருடையது அல்ல. மரத்தின் வளையங்களை எண்ணிப் பார்த்ததில் 7ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெட்டிய மரம், சாக்சன் காலம்.

ஊருக்குப் பிந்தைய ஒரு வாழ்வும் உண்டு. 1808இல் வில்லியம் பிராட்பரி என்பவர் இங்கேதான் நீர்க்கீரையை இங்கிலாந்தில் முதன்முதலாக வணிகத்துக்குப் பயிரிட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீர் ஊற்று கீரைக்கு ஏற்றது. 20ஆம் நூற்றாண்டில் நிலத்தடி நீரை இறைத்து இறைத்து ஊற்றுகள் அடங்கிவிட்டன. நான் பார்த்தபோது புல்லும் புதரும் ஏ2வின் இரைச்சலும்தான். ஒரு தெய்வத்தின் இடத்தை இரண்டாயிரம் ஆண்டு படையெடுப்பும் மதமாற்றமும் செய்யாத அளவுக்கு ஒரு மோட்டார் பம்பு காலி செய்திருக்கிறது. எனக்கு அது வலித்தது.

ஞாயிறு, நியூயிங்டன், ஸ்டோன் சேப்பல்

இன்று யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் காரில் கூட்டிப் போனார். ஏ2வில் பல ஆண்டுகளாகச் சரக்கு வேன் ஓட்டியவர். ரோச்செஸ்டரைத் தாண்டியதும் மெட்வே ஆற்றோர நகரங்களின் கடைத்தெருக்கள் முடிந்து, ஆப்பிள் தோட்டங்கள் தொடங்குகின்றன.

நியூயிங்டனில் வண்டியை ஓரம் கட்டினோம். சிறிய ஊர், நடுவில் நெடுஞ்சாலை. இங்கே வீடு கட்டுவதற்கு முன்னால் நிலத்தை ஆராய்ந்தபோது 18 ஏக்கர் பரப்பில் ரோமானியக் குடியிருப்பு வெளிப்பட்டது. 2021இல் செய்தியாக வந்தது. 7 மீட்டர் அகலச் சாலை, ஒரு கோயில், பாண்டம் சுட்ட சூளைகள், இரும்பு உருக்கிய உலைகள். அந்தக் கோயிலுக்கு வாட்லிங் கோயில் என்றே பெயராகிவிட்டது.

அண்ணன் இறங்கி வந்து, புது வீடுகளின் வரிசையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை வருசமா இந்த ரோட்டில ஓடுறன் தம்பி. கீழ இப்பிடி ஒண்டு கிடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்?"

"வீடு கட்டலைன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காதுண்ணே."

"அப்ப வீடு கட்டினது நல்லதோ கெட்டதோ?"

இதற்கு என்னிடம் பதில் உண்டு. 1990 முதல் இங்கிலாந்தில் விதி இதுதான்: கட்டடம் கட்டுகிறவர் அனுமதி கேட்கும்போது அடியில் தொல்லியல் எச்சம் இருக்க வாய்ப்பிருந்தால் முதலில் ஆராய வேண்டும், செலவும் அவருடையது. இங்கே இந்தத் தலைமுறையில் நடக்கும் அகழாய்வுகளில் பெரும்பாலானவை பல்கலைக்கழகங்கள் விரும்பித் தேர்ந்தெடுத்த இடங்களில் நடப்பவை அல்ல. வீடு, சாலை, ரயில், குழாய் போகும் இடங்களில் நடப்பவை. அதனால் அழிவும் அறிவும் ஒரே நாளில் வருகின்றன. நான் நல்லது என்றுதான் சொன்னேன். தோண்டாமல் விட்டு ஏர் ஆண்டுதோறும் ஒரு விரற்கடை சீவிக்கொண்டு போவதைவிட, ஒருமுறை முறையாகத் தோண்டி எழுதி வைப்பது மேல். அண்ணன் தலையாட்டினார், முழுதாக ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை.

இந்த ஊரில் எனக்குப் பிடித்த சிக்கல் வேறு. ரோச்செஸ்டருக்கும் கான்டர்பரிக்கும் நடுவே பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது, துரோலெவும். கான்டர்பரியிலிருந்து 12 மைல், அதாவது 18 கி.மீ. நியூயிங்டனோ கான்டர்பரியிலிருந்து 30 கி.மீ. எந்தப் பிழையைத் திருத்தினாலும் இந்த இடைவெளியை அடைப்பது கடினம். ஆக, கோயிலும் சூளையும் உலையும் வைத்திருந்த ஒரு ஊர் பட்டியலில் இல்லவே இல்லை. பட்டியலில் இருக்கும் ஊரோ இன்னும் உறுதியாகக் கிடைக்கவில்லை.

துரோலெவும் என்று பலரும் கைகாட்டும் பக்கத்துக்குப் போனோம். சிட்டிங்போர்னைத் தாண்டி, ஃபேவர்ஷாமுக்குச் சற்று முன்னால். ஆஸ்பிரிஞ்சில் 1920களில் பெரிய ரோமானிய இடுகாடு ஒன்றைத் தோண்டினார்கள், சாம்பல் வைத்த பானைகள் வரிசை வரிசையாக. செத்தவர்கள் இத்தனை பேர் என்றால் வாழ்ந்தவர்கள் பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும். ரோமானியச் சட்டப்படி ஊருக்குள் புதைக்கக் கூடாது. ஊரைவிட்டு வெளியேறும் சாலையின் இருமருங்கிலும்தான் கல்லறைகள் இருக்கும். இடுகாடு கிடைத்தால் ஊரின் எல்லையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள்.

அருகிலேயே நெடுஞ்சாலைக்கு வடக்கே வயலுக்குள் ஸ்டோன் சேப்பல். கூரையற்ற இடிந்த தேவாலயம். வயலோரமாக நடந்து போகவேண்டும். கதவு கிடையாது, கட்டணம் கிடையாது. பீடம் இருந்த பகுதியின் சுவரைக் கிட்டத்தில் பார்த்தால் தேவாலயச் சுவருக்குள் இன்னொரு சுவர் தெரிகிறது. கல் வரிசை, இடையிடையே செங்கல் வரிசை, கச்சிதமான சதுரம். 4ஆம் நூற்றாண்டு ரோமானியக் கல்லறை மாளிகை அது. பிறகு வந்த கிறித்தவர்கள் அதை இடிக்காமல் தங்கள் தேவாலயத்துக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கிறித்தவம் சாராத ரோமானியக் கல்லறை மாளிகையைத் தன் சுவருக்குள் கொண்ட தேவாலயம் இங்கிலாந்தில் இது ஒன்றுதான். அந்தச் செங்கல்லில் கைவைத்துக்கொண்டு நான் அதிக நேரம் நின்றேன். வசதியான ஒரு குடும்பம் இந்தச் சாலையில் போகிறவர்கள் கண்ணில் படும்படி தன் இறந்தவர்களுக்கு இதைக் கட்டியிருக்கிறது. கான்டர்பரியிலிருந்து இங்கே ஏறத்தாழ 16 கி.மீ., 11 மைல். பட்டியலின் 12க்கு ஒன்று குறைவு. அந்த ஒரு மைலுக்காக அறிஞர்கள் பல தலைமுறைகளாக வாதாடுகிறார்கள். வாதாட வேண்டியதுதான்.

திங்கள், ரக்பி, கேவ்ஸ் இன்

லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து ரக்பி என்ற ஊருக்கு ரயில். செப்டம்பர், அறுப்பு முடிந்த வயல்கள். வெயில் காய்ந்த கோடையில் இதே வயல்களுக்கு மேல் விமானத்தில் பறந்தால் பூமி படம் காட்டும். பழைய அகழி மூடிய இடத்தில் மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருப்பதால் பயிர் பச்சையாக நிற்கும். புதைந்த சுவருக்கு மேலே மண் மெல்லியதாக இருப்பதால் பயிர் முன்கூட்டியே மஞ்சளிக்கும். 2018 வறட்சியில் பிரிட்டன் முழுக்க இப்படிப் புதுப்புது வடிவங்கள் தெரிந்தன. மழைக்காலத்திலும் அதையே காந்தமானியை வைத்து நிலத்தில் நடந்து செய்கிறார்கள். அடுப்பும் சூளையும் எரிந்த மண்ணில் காந்தத்தன்மை சற்று மாறியிருக்கும்; அகழியில் விழுந்து நிறைந்த மேல்மண்ணிலும் அப்படியே. கோடு கோடாக நடந்து அளந்ததைத் திரையில் போட்டால் தெரு, மனை எல்லை, உலை எல்லாம் சாம்பல் நிறத்தில் எழுந்து வருகின்றன. ஒரு மண்வெட்டிகூடப் படாமல்.

ரக்பிக்கு வடகிழக்கே சில கி.மீ. தொலைவில் ஏ5 ஓரம் கேவ்ஸ் இன். ட்ரிப்பான்டியம் என்ற ஊர் இங்கே இருந்தது. பட்டியலில் தெற்கே இருக்கும் பன்னாவென்டாவிலிருந்து 12 மைல். (அந்தப் பன்னாவென்டாவைப் பட்டியலின் இந்த வழியைப் படியெடுத்தவர் இசன்னாவன்டியா என்று எழுதியிருக்கிறார். இத்தகைய பட்டியலை வைத்துத்தான் ஊர் தேட வேண்டியிருக்கிறது.) வில்டன் லாட்ஜ் என்ற இடம்தான் பன்னாவென்டா. அங்கிருந்து இங்கே ஏறத்தாழ 17 கி.மீ., பதினொன்றரை மைல். மோசமில்லை.

இந்தப் பயணத்தில் என்னை அதிகம் அசைத்த இடம் இதுதான். பார்க்க ஒன்றுமே இல்லை என்பது உண்மை. சாலை, வயல், சரளைக்கல் எடுத்த குட்டைகள். ஆனால் 1961இல் இந்தச் சரளைக் குழிகளில் ஊர் கரைந்துகொண்டிருந்தபோது, ரக்பி ஊர்க்காரர்கள் தொல்லியல் சங்கம் ஒன்றை நடத்தி, ஜாக் லூகாஸ் தலைமையில் தோண்டத் தொடங்கினார்கள். 2006 வரை தோண்டினார்கள். தொடங்கும்போது இளைஞராக இருந்தவர் முடிக்கும்போது பேரன் பேத்தி பார்த்திருப்பார். பெரிய குளியல் மாளிகை, குடியிருப்புகள், கிணறுகள் என்று ஊரைத் துண்டு துண்டாக மீட்டார்கள். ரோமானியப் படையெடுப்புக்குப் பின் சில ஆண்டுகளிலேயே தோன்றி ஏறத்தாழ நானூறு ஆண்டு இருந்த ஊர். ஊரான் வீட்டு நிலத்தில், பலன் எதுவும் எதிர்பாராமல், பெயர் தெரியாத முன்னோருக்காக இத்தனை காலம் மண் சலித்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

1965இல் இங்கே ஒரு ஓட்டுத் துண்டு கிடைத்தது. சுடுவதற்கு முன் ஈர மண்ணில் யாரோ கிறுக்கிய எழுத்து. லெஸ்டரைத் தலைநகராகக் கொண்ட இனக்குழுவின் நகராட்சியை அது குறிப்பிடுகிறது. அதுவரை நூல்களில் அந்த மக்களைக் கொரிடானி என்றுதான் எழுதி வந்தார்கள், பண்டைய புவியியலாளர் தாலமியின் நூற்படிகளில் அப்படி இருந்ததால். 1983இல் ரோஜர் டாம்லின் இந்த ஓட்டை மீண்டும் வாசித்து, அவர்கள் கொரியல்டாவி என்று நிறுவினார். பாடநூல்களும் அருங்காட்சியகப் பலகைகளும் மாறின. ஓடு செய்கிற ஒரு தொழிலாளியின் குச்சிக் கிறுக்கல் பெரிய புவியியலாளரின் ஏட்டைத் திருத்தியிருக்கிறது.

அங்கிருந்து டாக்ஸியில் ஏ5இலேயே ஹை கிராஸுக்குப் போனேன். வழியில் வானத்தை மறைக்கும் சரக்குக் கிடங்குகள், இரவு பகலாக லாரிகள். பட்டியலில் வெனோனிஸ் என்று வரும் ஊர் இங்கே. வாட்லிங் தெருவும் இன்னொரு ரோமானியச் சாலையான ஃபாஸ் வழியும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் முனை. 1712இல் நிறுத்திய நினைவுச்சின்னம் 1791இல் இடி விழுந்து சிதைந்தது, மிச்சம் இருக்கிறது. பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

செவ்வாய், ரக்பி அருங்காட்சியகம்

ட்ரிப்பான்டியத்திலிருந்து வந்தவற்றை ரக்பி கலைக்கூட அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். நுழைவு இலவசம். பாண்டங்கள், காசுகள், கருவிகள், அணிகள். தங்கம் வைரம் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான். எனக்கு இந்தச் சாதாரணப் பொருள்கள்தான் வேண்டும். பேரரசர்களைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. பட்டியல் எழுதியவருக்கும் அவர்கள் ஒரு பெயரும் ஒரு எண்ணும்தான்.

அந்த ஒரு பெயர்கூடக் கிடைக்காத ஊர்கள்தான் அதிகம். நியூயிங்டன் ஒன்று. நார்தாம்ப்டன்ஷயரில் சிப்பிங் வார்டன் அருகே பிளாக்கிரவுண்ட்ஸ் இன்னொன்று. எச்எஸ்2 ரயில் பாதைக்காக அங்கே தோண்டி, 2022 ஜனவரியில் அறிவித்தார்கள். அங்கே முன்பே ரோமானிய எச்சம் உண்டு என்று 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தெரியும். அது இத்தனை பெரிது என்பது தெரியாது. 10 மீட்டர் அகலச் சாலை, 300க்கு மேற்பட்ட காசுகள், பட்டறைகள், சூளைகள், ஒரு கிணறு. அதற்கு முன்னிருந்த இரும்புக் காலக் கிராமத்தின் முப்பதுக்கு மேற்பட்ட வட்ட வீடுகள். கூடவே மனிதரைப் பூட்டும் இரும்பு விலங்கு ஒன்றின் பாதித் துண்டும் கிடைத்தது. அடிமையோ கைதியோ, அந்தச் சாலையில் விலங்கோடு நடந்த ஒருவர் இருந்திருக்கிறார். பத்து மீட்டர் சாலையின் செழிப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

அடுத்த முறை கென்டுக்கு, உழவு முடிந்த பருவத்தில் போவதாக இருக்கிறேன். டெயினமுக்கும் ஆஸ்பிரிஞ்சுக்கும் இடையே பொதுப் பாதைகள் வயல்களை வெட்டிக்கொண்டு போகின்றன. கான்டர்பரியிலிருந்து 12 மைல் விழுவது அந்தப் பக்கம்தான். நீங்களும் போவதானால் பாதையை விட்டு விலகாமல் நடங்கள், புரண்ட மண்ணில் சிவப்பு மெருகோடு ஓட்டுச் சில்லு தென்பட்டால் கிடந்த இடத்திலேயே விட்டுப் படம் மட்டும் எடுங்கள். நிலத்துக்காரருக்கும் அந்த மாவட்டத்தின் தொல்பொருள் பதிவு அலுவலருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லுங்கள். எங்கே கிடந்தது என்ற குறிப்பு இல்லாத சில்லு வெறும் சில்லுதான்.